தனசேகரன் போட்ட வட்டங்கள்

செய்தியை எனக்குச் சொன்னவர் மெக்கானிக் அன்வர் பாய். காலை நேரம், ஆம்பூர் கடைத்தெருவில் கீரை வாங்கிக்கொண்டிருந்தேன். போனில் என் பெயரை இரண்டு முறை சொன்னார். பிறகு, "மூர்த்தி சார், நம்ம சேகர் சார் போய்ட்டாரு" என்றார்.

நான் கேட்ட முதல் கேள்வி, "வண்டியிலயா?"

"இல்ல சார், கொல்லையில. மல்லாட்டை புடுங்கிக்கினு இருந்தவரு வரப்புல உக்காந்து தண்ணி கேட்டாராம். கொண்டாந்து குடுக்கறதுக்குள்ள முடிஞ்சிடுச்சி."

வேர்க்கடலைக் கொல்லையில் நண்பன் இறந்த செய்தி வரும்போது வண்டியைப் பற்றிக் கேட்கிறானே என்று வேறு யாராவது நினைக்கலாம். தனசேகரனை அறிந்த நீங்கள் நினைக்க மாட்டீர்கள். எங்கள் சண்டைகள் எல்லாம் அந்த வண்டியால் வந்தவை, சமாதானங்களும் அப்படித்தான். கீரைக்கட்டைக் கடையிலேயே விட்டுவிட்டு மாதனூர் பஸ்ஸில் ஏறினேன். உட்கார்ந்த பிறகுதான் அழுகை வந்தது. பக்கத்தில் இருந்த பெரியவர் ஒன்றும் கேட்காமல் எழுந்து ஜன்னலோர இடத்தை எனக்குக் கொடுத்தார்.

நம் ஷூ கம்பெனியில் அவனோடு வேலை பார்த்த உங்களுக்கு அவனைத் தோல் செலக்‌ஷன் மேசையில் பார்த்த ஞாபகம்தான் இருக்கும். தோலை மேசைமேல் விரித்து, புறங்கையால் ஒரு தடவு தடவி, குறை எங்கே இருக்கிறதோ அங்கே சாக்பீஸால் ஒரு வட்டம் போடுவான். முள் கிழித்த தழும்பு, உண்ணி கடித்த தழும்பு, பழைய சூட்டுக்கோல் தழும்பு, எல்லாவற்றுக்கும் வட்டம். அடுத்த மேசையில் கட்டிங் செய்பவர்கள் அந்த வட்டங்களைத் தவிர்த்துவிட்டு ஷூவுக்கு வெட்டுவார்கள். புதிதாக வந்த ஒரு சூப்பர்வைசர், "என்னய்யா இது, இவ்வளவு குறையுள்ள தோலை அனுப்பியிருக்கிறார்கள்" என்று சலித்துக்கொண்டபோது தனசேகரன் சொன்னதை அந்த ஹாலில் இருந்த எல்லோரும் கேட்டோம்.

"மாடு இன்னா பீரோவுலயா இருந்துது சார்? வேலி தாண்டியிருக்கும், உண்ணி கடிச்சிருக்கும். குறையே இல்லாத தோலு வேணும்னா ரெக்ஸின்தான் வாங்கணும். வட்டம் போட்டுட்டு வேலையப் பாப்போம்."

எனக்குப் பேக்கிங் செக்‌ஷன். அவன் கைபட்ட தோல் ஷூவாகி, டப்பாவுக்குள் போவதை நான் பார்ப்பேன். சாப்பாட்டு நேரத்தில் ஒன்றாக உட்காருவோம். பேசுவதற்கு எங்களுக்கு இருந்த ஒரே விஷயம், எங்கள் மேனேஜர் ஓட்டிவந்த பழைய மோட்டார் சைக்கிள். கறுப்பு நிறம், டேங்கில் க்ரீம் கோடு, இரட்டை சைலன்சர், டூ-ஸ்ட்ரோக் இன்ஜின். அதன் சத்தம் கேட் பக்கம் கேட்டால் தையல் லைனில் இருக்கும் பெண்கள் கூடத் தலையைத் தூக்குவார்கள். அவர் ரிட்டயர் ஆகிக் கோயம்புத்தூருக்கு மகளோடு இருக்கப் போனபோது, பல வருஷமாக அதைக் கேட்டுத் தொல்லை கொடுத்துவந்த எங்கள் இரண்டு பேரையும் கூப்பிட்டார். யாருக்குக் கொடுத்தாலும் இன்னொருவன் சாபம் விடுவான் என்று சொல்லி, சாவியை எங்கள் இருவர் கையையும் சேர்த்துப் பிடித்து நடுவில் வைத்தார்.

அப்படித்தான் ஒரு வண்டிக்கு இரண்டு சொந்தக்காரர்கள் ஆனோம். ஷிஃப்ட் போடுகிற மாதிரி ஒரு வாரம் அவனுக்கு, ஒரு வாரம் எனக்கு. அவன் ஒடுகத்தூர் பக்கத்துக் கிராமம், நான் ஆம்பூர். சனிக்கிழமை சாயங்காலம் மாதனூர் கூட்டுரோட்டு டீக்கடையில் கைமாறும். யார் வாரம் முடிகிறதோ அவன் வண்டியில் வருவான், மற்றவன் பஸ்ஸில் வருவான். டீ குடித்துவிட்டு மாறிப் போவோம். இந்த ஏற்பாடு எத்தனை நாள் ஓடும் என்று கம்பெனியில் பந்தயம் கட்டினீர்கள். கடைசி வரைக்கும் ஓடியது.

அவன் மனைவி காந்திமதியும் நம் கம்பெனிதான், தையல் லைன். அவன் வாரத்தில் பின்சீட்டில் உட்கார்ந்து வேலைக்கு வருவாள். இறங்கியதும் வண்டியின் சீட்டை ஒரு தட்டுத் தட்டிவிட்டுத்தான் உள்ளே போவாள். அதற்கு அவள் வைத்த பெயர் சக்களத்தி. "என் சக்களத்திக்கு ரெண்டு வீடுண்ணா. ஒரு வாரம் ஒடுகத்தூரு, ஒரு வாரம் ஆம்பூரு. எனக்குதான் போக்கிடம் இல்ல" என்பாள். தனசேகரன் சிரித்துக்கொண்டே ஸ்டாண்டு போடுவான்.

என் குணத்தையும் சொல்லிவிட வேண்டும், இல்லையென்றால் பின்னால் வருவது விளங்காது. பழைய வண்டி பழைய வண்டியாகவே இருக்க வேண்டும் என்பது என் கொள்கை. என் வாரத்து ஞாயிற்றுக்கிழமைகளில் பழைய பனியன் துணியை வைத்துக்கொண்டு ஸ்போக்ஸ் கம்பி ஒவ்வொன்றாகத் துடைப்பேன். கண்ணாடி உடைந்தால் அதே வண்டியின் கண்ணாடி கிடைக்கும் வரை கண்ணாடி இல்லாமல் ஓட்டுவேன். என் வீட்டில் இதற்குப் பைத்தியம் என்று பெயர். தனசேகரனுக்கு அந்தப் பைத்தியம் இல்லை. எங்கே தடதடவென்று ஆடுகிறதோ அங்கே ஒரு சாக்பீஸ் வட்டம் போட்டு என்னிடம் அனுப்புவான். சனிக்கிழமை வண்டி என் கைக்கு வரும்போது அம்மை போட்ட குழந்தை போல இருக்கும். எனக்குக் கோபம் வரும், ஆனால் வட்டம் போட்ட இடத்தில் போல்ட் நிச்சயமாகத் தளர்ந்திருக்கும்.

இப்படியே போயிருக்கும். காந்திமதியின் முதுகு அதற்கு விடவில்லை. தையல் மெஷினில் வருஷக்கணக்கில் குனிந்திருந்த முதுகு. டிஸ்க் நழுவி, காலுக்கு இறங்கி, ஆபரேஷன் வரைக்கும் போய்விட்டது. வேலையை விட்டாள். அதற்குள் நாங்கள் இருவரும் ரிட்டயர் ஆகியிருந்தோம். செவ்வாய்க்கிழமை தோறும் வேலூர் பாகாயத்து ஆஸ்பத்திரிக்கு வந்து உடற்பயிற்சி சிகிச்சை எடுக்க வேண்டும், ஒழுங்காக வந்தால் நடை திரும்பும், நிறுத்திவிட்டால் கால் மரத்துக்கொண்டே போகும் என்று சொல்லியிருந்தார்கள்.

அவர்கள் ஊரிலிருந்து அணைக்கட்டு, ஊசூர் வழியாகப் பாகாயம் போகும் சாலை உங்களுக்குத் தெரியும். பஸ் படி அவளால் ஏற முடியவில்லை. ஷேர் ஆட்டோ குலுக்கிய குலுக்கலில் சிகிச்சையில் கிடைத்த சுகம் திரும்பி வரும்போதே போய்விட்டது. பக்கத்து வீட்டு ஸ்கூட்டரின் குட்டிச் சக்கரம் ஒவ்வொரு பள்ளத்திலும் விழுந்து எழுந்தது. புது பைக்குகளில் பின்சீட்டு பரண் மாதிரி உயரத்தில் இருக்கிறது, அவ்வளவு உயரத்துக்குக் காலைத் தூக்க அவளால் முடியாது. தட்டையாக, தாழ்வாக, அகலமாக இருந்த சீட்டு எங்கள் பழைய வண்டியில் மட்டும்தான். ஏறி உட்கார்ந்துவிடுவாள். ஆனால் அதன் ஸ்ப்ரிங் விறைத்துப்போன ஸ்ப்ரிங். ஒவ்வொரு குழியும் நேராக அவள் முதுகில் போய் அடித்தது.

ஒரு செவ்வாய்க்கிழமை அதில் போய்விட்டு வந்தவள் பாயில் படுத்துக்கொண்டு சுவரைப் பார்த்துத் திரும்பிவிட்டாள். "இனிமே போவல. கால் போனா போவட்டும்" என்று சொன்னாளாம். தனசேகரன் இதை என்னிடம் சொன்னபோது அவன் கையில் இருந்த டீ ஆறிப்போயிருந்தது. அவனை அதற்கு முன்பு அப்படி நான் பார்த்ததில்லை.

முதலில் அவனுக்குத் தோன்றிய வைத்தியம் தோல்காரனுக்கு மட்டுமே தோன்றக்கூடியது. தோல் பதனிடும் இடங்களில், தோல் விறைக்காமல் இருக்க மீன் எண்ணெயில் தயாரித்த ஒரு திரவத்தை அதற்கு ஊட்டுவார்கள். தண்ணீரோடு கலக்கும்படி அதைப் பக்குவம் செய்திருப்பார்கள். தனசேகரன் தெரிந்த இடத்தில் ஒரு கேன் வாங்கிவந்து, வண்டியின் முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கில் இருந்த பழைய எண்ணெயை வடித்துவிட்டு, அதை ஊற்றிவிட்டான். "எருமத் தோலையே இளக்குதுடா, இத இளக்காதா?" என்று என்னிடம் பெருமையாகக் கேட்டான். எனக்கும் அது சரியென்றுதான் பட்டது. நானும் தோல் கம்பெனிக்காரன்தானே.

இரண்டு நாள் வண்டி வெண்ணெய் மாதிரி போனது. மூன்றாம் நாள் வெயில் ஏறியதும் ஃபோர்க்கின் சீல் வழியாகக் கசிவு ஆரம்பித்தது. மீன் வாடை காற்றில் பரவியது. ஒடுகத்தூர் சந்தைக்குப் போனவனை வழியில் இருந்த நாய்கள் எல்லாம் துரத்தின. ஒரு தெரு நாய்கள் விட்ட இடத்தில் அடுத்த தெரு நாய்கள் பிடித்துக்கொண்டன. அன்றைக்கே மழையும் பிடித்தது. உள்ளே போன தண்ணீர் அந்த எண்ணெயோடு கலந்து நுரைத்து, ஃபோர்க்கின் இரண்டு காலிலும் வெள்ளை வெளேரென்று வழிய ஆரம்பித்தது. எனக்குப் போன் செய்து வரவழைத்தான். ஓட்டியும் தள்ளியும் ஆம்பூரில் அன்வர் பாய் கடைக்கு வந்தோம். அன்வர் பாய் குனிந்து பார்த்தார், மோந்து பார்த்தார், நிமிர்ந்தார்.

"இன்னா சார், ஃபோர்க்ல பால் கறக்கறீங்களா?"

பிறகு அவர்தான் எங்களை உட்காரவைத்து விஷயத்தைச் சொன்னார். சொகுசு வேண்டுமென்றால் முன்னால் புது ஃபோர்க், பின்னால் கேஸ் அடைத்த ஷாக் அப்சார்பர். ஃபோர்க் புதிதானால் அதற்கு ஏற்ற டிஸ்க் பிரேக். டிஸ்க் போட்டால் பழைய சக்கரத்தில் அதை மாட்ட இடமில்லை, சக்கரமும் மாற வேண்டும். "ஒண்ண மட்டும் மாத்தினா மத்ததெல்லாம் சண்டைக்கு வரும் சார். பேஜார். மாத்தினா மொத்தமா மாத்தணும்" என்றார்.

தனசேகரன் என் முகத்தைப் பார்த்தான். பாதி வண்டி என்னுடையதாயிற்றே.

"மிச்சம் இன்னாடா இருக்கும்? ஹாரனா?" என்றேன்.

"டேங்க் இருக்கும். இன்ஜின் இருக்கும். சீட்டு இருக்கும்."

"ஸ்போக்ஸ் இல்லாம அந்த வண்டிய நெனச்சிப் பாரு. கண்றாவியா இருக்கும்."

"மூர்த்தி, அவ உக்கார முடியாத வண்டிய நான் இன்னாத்துக்குடா தொடச்சி வெக்கணும்?"

ஃபோர்க், ஷாக் அப்சார்பர், பிரேக் மூன்றுக்கும் சம்மதித்தேன். கழற்றும் ஒவ்வொரு சாமானும் என் வீட்டுக்கு வர வேண்டும், சீட்டில் மட்டும் கை வைக்கக் கூடாது என்று நிபந்தனை போட்டேன். "சீட்டுக்காகத்தானே மத்ததெல்லாம்" என்றான். சக்கர விஷயத்தில் நான் பிடி கொடுக்கவில்லை. டிஸ்க் மாட்டும்படி ஸ்போக்ஸ் சக்கரமே கட்டிக்கொள்ளலாம், கட்டித்தர ஆள் இருக்கிறது என்றேன். அவனுக்கு அலாய் சக்கரம்தான் வேண்டும். காரணம் கேட்டால் சொல்லவில்லை. சின்னப் பசங்கள் மாதிரி பந்தாவுக்கு ஆசைப்படுகிறான் என்று நினைத்து நான் ஏதோ சொல்ல, அவன் ஏதோ சொல்ல, பேச்சு நின்றது. பேச்சு நின்றாலும் வாரம் மாறுவது நிற்கவில்லை. சனிக்கிழமை மாதனூரில் வண்டியை நிறுத்தி, சாவியை டீ கிளாசுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு இருவரும் ஆளுக்கு ஒரு திசையில் ரோட்டைப் பார்ப்போம். டீ மாஸ்டர்தான் நடுவில் நின்று, "பெட்ரோல் கம்மியா இருக்குதாம்", "ரிசர்வுல போட்டுக்கச் சொல்லுங்கன்றாரு" என்று இரண்டு பக்கமும் சேதி சொல்வார்.

அதை முடித்துவைத்தவள் காந்திமதி. ஒரு நாள் போன் செய்தாள்.

"சக்கரத்துக்கு ஏண்ணா சண்ட போடறீங்க? ஊசூர்கிட்ட ஒரு வாட்டி பஞ்சர் ஆச்சி. அவரு சக்கரத்தக் கழட்டி எடுத்துக்குனு கடையத் தேடிப் போய்ட்டாரு. என்னால நிக்க முடியல, உக்காரவும் முடியல. புளியமரத்துக்குக் கீழ சாக்கு விரிச்சிப் படுத்துட்டேன். போறவங்க வர்றவங்க எல்லாம் நின்னு ஆக்சிடண்டான்னு எட்டிப் பாக்கறாங்க. ஒரு அம்மா முகத்த மூடக்கூட வந்துட்டா. இந்தச் சக்கரத்துக்கு ட்யூப் இல்லாத டயர் போடலாமாம், ஆணி குத்தினாலும் வீடு வரைக்கும் வந்துடலாமாம். அதுக்குதான் கேக்கறாரு. நான் ரோட்டுல படுத்துக் கெடந்தத உங்ககிட்ட சொல்லணுமேன்னுதான் வாய மூடிக்கினு இருக்கறாரு."

அன்று சாயங்காலமே அன்வர் பாய் கடைக்குப் போய் ஸ்போக்ஸ் சக்கரம் இரண்டையும் என் கையாலேயே கழற்றினேன். தோளில் மாட்டிக்கொண்டு வீட்டுக்கு நடந்தேன். அந்த அலாய் சக்கரம் எனக்கு அன்றும் பிடிக்கவில்லை, இன்றும் பிடிக்கவில்லை. அந்த டேங்குக்கும் அதற்கும் பொருத்தமே கிடையாது. தனசேகரன் உயிரோடு இருந்தபோது இதை அவன் முகத்துக்கு நேராகப் பலமுறை சொல்லியிருக்கிறேன், அதனால் இங்கேயும் சொல்கிறேன்.

வேலை சுலபத்தில் முடியவில்லை. வேலூரில் பழைய வண்டிகளை உடைக்கும் கடையில் ஃபோர்க் கிடைத்தது, ஆனால் எங்கள் வண்டியின் கழுத்தில் உட்காரவில்லை. ஷூ மெஷின்களுக்குச் சாமான் கடைந்து தரும் லேத் பட்டறையில் இடைவெளியை அடைக்க ஒரு புஷ் வளையம் கடைந்து வாங்கினோம். பின்னால் முதலில் போட்ட ஷாக் அப்சார்பர் நீளம் ஜாஸ்தி. சீட்டு மேலே போய்விட்டது. காந்திமதி கோலை ஊன்றிக்கொண்டு வந்து நின்று, காலைத் தூக்கிப் பார்த்தாள், முடியவில்லை. எங்கள் மூவர் முகமும் தொங்கிப்போனது. அவள்தான் சிரித்தாள். "என் சக்களத்தி ஹை ஹீல்ஸ் போட்டுக்கினு நிக்கறாளே" என்றாள். அன்வர் பாய் மறுபடியும் எல்லாவற்றையும் கழற்றி, குட்டையான ஜோடி தேடிப் பிடித்து, அவள் எடைக்குத் தகுந்தபடி மெத்தென்று வைத்துக் கொடுத்தார்.

இவ்வளவும் ஆன பிறகும் தனசேகரனுக்கு மனம் ஆறவில்லை. அவளை அதில் முதல்முறை பாகாயம் கூட்டிப்போவதற்கு முந்தின நாள் ஒரு டப்பாவில் சுண்ணாம்பைக் கரைத்துக்கொண்டு, ஒரு பிரஷ்ஷோடு கிளம்பினான். என்னையும் வரச் சொன்னான். பாகாயம் வரைக்கும் சாலையில் எங்கெங்கே பள்ளம் இருக்கிறதோ அங்கெல்லாம் இறங்கி, பள்ளத்தைச் சுற்றி ஒரு வட்டம் போட்டான். "ரோடும் தோலு மாதிரிதான்டா. நான் ஓட்டற வேகத்துல பள்ளம் கண்ணுக்குத் தெரியாது, வெள்ள தெரியும்" என்றான். அணைக்கட்டு தாண்டி ஒரு பெரியவர் இவனை நெடுஞ்சாலைத் துறை ஆள் என்று நினைத்து, எப்போது ரோடு போடுவீர்கள் என்று கேட்டார். தனசேகரன் கண் இமைக்காமல், "மேலிடத்துக்கு எழுதியிருக்குது" என்றான். பெரியவர் இளநீர் வெட்டிக் கொடுத்து, தன் தெருவில் இருந்த பள்ளங்களையும் காட்டினார். இளநீர் குடித்த நன்றிக்கு அவற்றுக்கும் வட்டம் போட்டுவிட்டு வந்தோம்.

மறுநாள் அவன் ஓட்ட, காந்திமதி பின்னால் உட்கார்ந்து போனாள். நான் அவர்கள் வீட்டில் காத்திருந்தேன். மத்தியானம் திரும்பி வந்தார்கள். இறங்கியவள் பழையபடி சீட்டை ஒரு தட்டுத் தட்டினாள். "முதுகு ஒண்ணு இருக்கறதே தெரியல" என்றாள். பிறகு மலையடிவாரம் வரைக்கும் இன்னொரு சுற்றுப் போகலாமா என்று அவனைக் கேட்டாள். தனசேகரன் அழுதான். மறைக்கவெல்லாம் இல்லை, வண்டியைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே அழுதான்.

அதன் பிறகு செவ்வாய்க்கிழமை என்பது எங்கள் மூவருக்கும் ஒரு வழக்கமாகிவிட்டது. என் வாரமாக இருந்தாலும் காலையில் வண்டியைக் கொண்டுபோய் அவர்கள் வாசலில் நிறுத்துவேன். அவர்கள் போய்விட்டு வரும்வரை அவர்கள் வீட்டில் உட்கார்ந்து மல்லாட்டை உரிப்பேன். உரித்ததில் பாதியைத் தின்றுவிடுவேன் என்று காந்திமதி கணக்குப் பார்ப்பாள். ஒரு வருஷம் போல ஆனபோது கோலை மாட்டுக் கொட்டகையில் போட்டுவிட்டாள். சிகிச்சையை மட்டும் விடக் கூடாது என்றிருந்தார்கள், விடவில்லை. சாலையில் வட்டங்கள் அழிய அழியத் தனசேகரனும் மறுபடி போட்டுக்கொண்டே வந்தான். அந்தச் செவ்வாய்க்கிழமைகளை நினைத்தால் எனக்கு இப்போது ஏக்கமாக இருக்கிறது. அப்போது அவை வெறும் செவ்வாய்க்கிழமைகளாகத்தான் இருந்தன.

பிரேக்கைப் பற்றியும் ஒரு வார்த்தை. மாதனூர் கூட்டுரோட்டில் ஒரு நாள் பதனிடாத பச்சைத்தோல் ஏற்றிய லாரி ஒன்று சிக்னல் இல்லாமல் என் குறுக்கே திரும்பியது. டிரம் பிரேக்காக இருந்திருந்தால் இந்த நினைவஞ்சலியை எனக்கு அவன் எழுதியிருப்பான். வண்டி நட்டுவைத்த மாதிரி நின்றது. டீக்கடையில் காத்திருந்த தனசேகரன் எல்லாவற்றையும் பார்த்துவிட்டான். ஓடிவந்து என் தோளைப் பிடித்தான்.

"டிஸ்க்கு பரவால்ல" என்றேன்.

"சக்கரம்?"

"சக்கரம் கண்றாவிதான்."

அன்று அவன் சிரித்த சிரிப்பை டீ மாஸ்டர் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

சாவு வீட்டுக்கு நான் போய்ச் சேர்ந்தபோது பந்தல் போட்டிருந்தார்கள். வண்டி பந்தலுக்கு வெளியே நின்றது. யாரோ நல்ல எண்ணத்தில் ஹெட்லைட்டில் ஒரு மாலையைப் போட்டிருந்தார்கள். பெண்களுக்கு நடுவே உட்கார்ந்திருந்த காந்திமதி அதைப் பார்த்தாள். எழுந்து வந்து மாலையைக் கழற்றினாள். "போனது அவரு. வண்டிக்கு எதுக்கு மால?" என்று சொல்லி, அதைக் கொண்டுபோய் அவன் காலடியில் வைத்தாள். சாவு வீட்டில் அதுவரை தாங்கிக்கொண்டுதான் இருந்தேன். அப்போது என்னால் அங்கே நிற்க முடியவில்லை.

காரியம் எல்லாம் முடிந்த பிறகு வந்த சனிக்கிழமை, பழக்கத்தில் மாதனூருக்குப் போய் டீக்கடையில் உட்கார்ந்துவிட்டேன். யாருக்காகக் காத்திருக்கிறேன் என்று எனக்கே தெரியவில்லை. போன் அடித்தது. காந்திமதி.

"அண்ணா, இது உங்க வாரம். வண்டிய எடுத்துக்குனு போவல?"

பஸ் பிடித்து அவர்கள் வீட்டுக்குப் போனேன். சாவியைக் கையில் கொடுத்தாள். "எடுத்துக்குனு போயி உங்க சக்கரத்தையே மாட்டிக்குங்க. எத்தன வருஷமா ஆசப்பட்டீங்க. நான் இனிமே பாகாயம் போவல."

பாயில் படுத்துச் சுவரைப் பார்த்துச் சொன்ன அதே வார்த்தை. கோல் மறுபடியும் கதவோரத்தில் நின்றதை அப்போதுதான் கவனித்தேன். இரண்டு வாரம் சிகிச்சை விட்டதற்கே.

"ஏன் போவல?"

"யாரு கூட்டினு போவா?"

"நான்."

"ஊரு இன்னா பேசும்னு எங்க அக்கா சொல்றா."

"ஊரா உன் முதுகத் தூக்கிக்கினு நடக்கப் போவுது? செவ்வாக்கெழம காலைல வர்றேன். ஏர்றதும் ஏறாததும் உன் இஷ்டம்."

வண்டியை ஆம்பூருக்கு ஓட்டிவந்தேன். திங்கட்கிழமை அன்வர் பாய், "பழைய சாமானெல்லாம் பத்திரமா வச்சிருக்கீங்களே சார், மாட்டிடலாமா? இப்ப முழுசா உங்க வண்டிதானே" என்று கேட்டார். என் வீட்டுச் சுவரில் அந்த ஸ்போக்ஸ் சக்கரங்கள் எண்ணெய் போட்டுத் துடைத்தபடி தொங்குகின்றன. ஆசை இல்லை என்று சொன்னால் பொய். "முன்சீட்டுதான் பாய் எனக்கு. பின்சீட்டு அந்தம்மாவோடது. நாளைக்குப் பாகாயம் போவணும், காத்து மட்டும் பாத்துக் குடுங்க" என்றேன்.

செவ்வாய்க்கிழமை அவர்கள் வாசலில் வண்டியை நிறுத்தினேன். கதவு சாத்தியிருந்தது. ஹாரன் அடிக்க மனமில்லாமல் இன்ஜினை ஓடவிட்டு நின்றேன். கொஞ்ச நேரம் கழித்துக் கதவு திறந்தது. ஆஸ்பத்திரிச் சீட்டு வைத்த மஞ்சப்பையோடு, கோலை ஊன்றிக்கொண்டு வந்தாள். ஏறி உட்கார்ந்தாள்.

தனசேகரன் ஓட்டிய வழி எனக்குத் தெரியும், அவன் ஓட்டிய விதம் தெரியாது. ஆனால் சாலையில் அவன் இருந்தான். சுண்ணாம்பு பாதி அழிந்தும் பாதி அழியாமலும் வட்டங்கள் வந்துகொண்டே இருந்தன. அவை வரும்போது ஒதுங்கினேன், அவ்வளவுதான் நான் செய்தது. அணைக்கட்டு தாண்டியதும், கடைசியாகப் பெய்த மழையில் விழுந்த ஒரு புதுப் பள்ளம். அதற்கு வட்டம் இல்லை. முன்சக்கரம் இறங்கி ஏறியது. பின்னால் இருந்து என் தோளைத் தட்டினாள்.

"நிறுத்துங்கண்ணா."

ஓரமாக நிறுத்தினேன். வலிக்கிறதா என்று கேட்கவே பயமாக இருந்தது. இனிமேல் வர மாட்டேன் என்று சொல்லப்போகிறாள் என்றே நினைத்தேன்.

"டூல் பொட்டில சாக்பீஸ் வச்சிருப்பாரு. எடுத்து அதுக்கு வட்டம் போட்டுட்டு வாங்க."

இருந்தது. துணியில் சுற்றிய ஒரு துண்டு. சாலையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து பள்ளத்தைச் சுற்றிப் போட்டேன். வட்டமாக வரவில்லை, முட்டை மாதிரி வந்தது. அவள் சீட்டில் இருந்தபடியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அவரு இன்னும் பெருசா போடுவாரு" என்றாள்.

அதற்கு வெளியே இன்னும் பெரிதாக ஒன்று போட்டேன். எழுந்து வந்து சாக்பீஸை அவளிடம் நீட்டினேன். வாங்கவில்லை.

"நீங்களே வச்சுக்குங்கண்ணா. சாக்பீஸ்தானே, அழிஞ்சிடும். அடுத்த வாரம் வரும்போது மறுபடியும் போடணும் இல்ல."

தனசேகரனிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்தச் சாக்பீஸ் துண்டுதான். சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வண்டியைக் கிளப்பினேன்.